ஸ்கோப் மவுண்ட்டில் சந்தனம்

ஞாயிறு, செப்டம்பர் 28

காலையிலிருந்து தூறல். இந்த வெரிபீ ஊருக்கே உரிய அந்தக் காற்று வேறு. பின்வேலி மறுபடியும் ஆடுகிறது. துணியெல்லாம் ஹாலில் காய்கிறது.

மவுண்ட் இன்னும் முடிவாகவில்லை. ரைபிள் வீட்டுக்கு வந்து சில வாரங்கள். குறிபார்க்கும் ஸ்கோப் டப்பாவிலேயே தூங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப்போகும் இத்தனூண்டு இரும்புக்கு இவ்வளவு மண்டைக்குடைச்சல்.

யோசித்தவை:
துப்பாக்கி முதுகில் திருகும் பட்டை, ஒரே துண்டு ரெயில் - உறுதி. ஆனால் மேலிருந்து தோட்டா போடும்போது விரல் இடிக்கும்.
இரண்டு துண்டு - விரலுக்கு இடம். ஆனால் முன்னும் பின்னும் நேர்கோட்டில் உட்காராவிட்டால் ஸ்கோப் குழாய்க்கே ஆபத்து.
ஸ்கோப்பைக் கவ்வும் ரிங்கின் உயரம் - தாழ்வாக இருந்தால் கன்னம் நன்றாகப் பதியும். ரொம்பத் தாழ்ந்தால் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடி ஸ்கோப்பில் முட்டும்.

தர்ஷி எட்டிப் பார்த்தாள். "எங்கட கலியாணம் பேசேக்க கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்கள்." கிண்டல் என்று நிமிர்ந்தேன். முகத்தில் சிரிப்பில்லை.

அவளுக்குப் பிடிக்கவில்லை. தெரிந்துதான் வாங்கினேன். வன்னியில் சண்டைக்குள் வளர்ந்தவள். புத்தாண்டு வாணவேடிக்கைக்கே காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவாள். நானோ அம்பாசமுத்திரத்துக்காரன், துப்பாக்கியைப் போலீஸ் தோளில் மட்டுமே பார்த்தவன். "உங்களுக்கு ஏன் இது?" என்று கேட்டபோது காரணங்களை அடுக்கினேன். ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் கிரெக்கின் பண்ணைக்கு ஒருமுறை போனது, மலையில் நடந்தது, மேய்ச்சல் நிலத்தை மான்கள் பாழாக்குகின்றன என்று அவர் சொன்னது, கறி கிடைக்கும் என்பது. எல்லாம் உண்மை. எதுவும் போதவில்லை.

கடைசியில் இரண்டு நிபந்தனையோடு சரி என்றாள். துப்பாக்கிப் பெட்டிச் சாவி எங்கே என்று அவளுக்குத் தெரியக்கூடாது. இரண்டாவதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. "அங்க எங்கட பங்கருக்குப் பக்கத்தில ஒரு மாடு ஷெல் பட்டுக் கிடந்தது. நாள்கணக்கா அனுங்கினது. ஒருத்தரும் கிட்டப் போகேல்லை. போகவும் ஏலாது. நீங்கள் சுட்டா ஒரே வெடியில முடியவேணும். காயத்தோட ஒண்டையும் விட்டுட்டு வரக்கூடாது."

சத்தியம் செய்தேன்.

திங்கள், 29

வேலை முடிந்து கடைக்கு. கவுண்ட்டரில் இருந்த பெரியவர் ரொம்பக் கறார். ஸ்கோப்புக்குக் காசைக் கொட்டிவிட்டு மவுண்ட்டில் மிச்சம் பிடிப்பவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாதாம். ஒரு துண்டு ஸ்டீல் ரெயில், நடு உயர ரிங். விரல் இடித்தால் இடிக்கட்டும். அவர் மூன்று தடவை சொன்னது: பொருத்துமுன் திருகையும் உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தையும் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைக்கணும். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர் என்றேன். "அப்போ உங்களுக்கு நாலு தடவை சொல்லணும்" என்று சிரித்தார்.

வரும் வழியில் பால், பிசுக்கை எடுக்கும் பிரேக் கிளீனர், வெற்றிலை. வெற்றிலை காய்ந்த சருகு. விலை மட்டும் பச்சை.

செவ்வாய், 30

வெயில். கராஜில் ஆனந்தம். ரெயில், ரிங், திருகுகள் எல்லாவற்றையும் பிரேக் கிளீனரில் கழுவினேன். எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பினேன். பொருந்தும் முகம் தட்டில் படக்கூடாது என்று ரெயிலைக் கவிழ்த்து, ரிங்குகளைக் குழிவு மேலே தெரிய மல்லாத்தி. ஆலையில் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது போலவே. திருகை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் தயார்.

பொருத்தவில்லை. நாளை ஆயுத பூஜை. நாளை மறுநாள் விஜயதசமி, தொடங்க நல்ல நாள். இவ்வளவு காத்தாயிற்று, இன்னும் இரண்டு நாள்.

புதன், அக்டோபர் 1

பாதி நாள் லீவு. கார் கழுவல். சுண்டல் கொஞ்சம் வேகாமல்.

ஸ்பானர் செட், லேப்டாப், தர்ஷியின் ஸ்டெதஸ்கோப், தையல் மிஷின், எல்லாம் வரிசையாக. ரைபிளைக் கொண்டுவருவதா என்று தயங்கினேன். அவளிடம் கேட்கவே கூச்சம். அவளே சொன்னாள்: "உந்தத் துவக்கையும் கொண்டு வந்து வையுங்கோ. உங்கட ஆயுத பூசையில ஆயுதத்தை விட்டா என்ன பூசை? எங்கட வீட்டில புத்தகம்தான் வைக்கிறது." போல்ட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுக் கொண்டுவந்தேன். மவுண்ட் தாம்பாளத்தையும்.

கற்பூரத் தட்டோடு நான் அடுக்களைக்குள் போய்த் திரும்புவதற்குள் அவள் சந்தனம் குழைத்துப் பொட்டு வைக்கத் தொடங்கிவிட்டாள். முதலில் ரைபிளுக்கு. அப்புறம் தாம்பாளத்தில் ஒவ்வொன்றுக்கும். ரெயிலுக்கு. ரிங் குழிவுகளுக்கு ஒவ்வொன்றாக, குழந்தை நெற்றிக்கு வைப்பதுபோல. மேலே குங்குமம்.

  இந்த வீட்டில் ஒரு துப்பாக்கிக்கு அவள் பொட்டு வைப்பாள் என்று யார் நினைத்தார்கள்?

வியாழன், 2

விஜயதசமி. காலை குளித்துவிட்டுப் பொருத்தினேன்.

சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பிரேக் கிளீனர் டப்பாவைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். சாமி கும்பிட்ட பொருளில், அவள் வைத்த பொட்டில், அந்த நாற்றம் பிடித்ததை அடிக்க மனம் வரவில்லை. பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ரெயில், ரிங், மட்டம் பார்த்து ஸ்கோப், சொன்ன அளவுக்கு ரெஞ்ச். ஸ்கோப்புக்குள் குறுக்குக் கோடு நூல் பிடித்தாற்போல் நேர்.

இரவு தர்ஷி பாயசம் வைத்தாள். சந்தோஷம்.

சனி, 4

துப்பாக்கி சுடும் ரேஞ்ச். பக்கக் காற்று. முதல் மூன்று குண்டும் ஒரே இடத்தில். பிறகு மெல்ல வலப்பக்கம் நகர்ந்தன. ஸ்கோப் டயலைத் திருகிச் சரிசெய்தேன். மறுபடி நகர்ந்தன. மறுபடி திருகினேன். கடைசி மூன்றும் நன்றாகவே விழுந்தன. பக்கத்து மேசைக்காரர், புதியவர்களுக்குத் தோள் கூசும், சரியாகிவிடும் என்றார். இருக்கும். காற்றும்தான்.

நாளை கோடைக்கால நேரம் தொடங்குகிறது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். மைக்ரோவேவில் எப்படி என்று எனக்கு எந்த வருஷமும் தெரிவதில்லை.

சனி, 11

கிரெக்கின் பண்ணை. குளிர். கை விரல் சரியாக மடங்கவில்லை, எழுத்து கோணல்.

சாயங்காலம் ஓடைக்கு மேல் ஒரு பெண் மான். எங்கள் ஊர் மலையில் மிளா என்போமே, அதே இனம். பக்கவாட்டில் நின்றது. நல்ல தூரம், நல்ல வெளிச்சம், துப்பாக்கி மரக்கிளையில் ஊன்றி. மூச்சு விட்டு, நிறுத்தி, சுட்டேன்.

பின்னால் பட்டது. வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே. ஒரு சத்தம் போட்டது. சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, புதருக்குள்.

ரத்தம் கொஞ்ச தூரம். பிறகு பெரணிச் செடி. பிறகு இருட்டு. கிரெக் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தர்ஷி போன். "என்ன, சுட்டனீங்களோ?"
"இல்ல. ஒண்ணும் வரல."
"சரி, குளிராமப் படுங்கோ."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சின்னப் பொய்கள் உண்டு. இது அந்த வகையல்ல.

ஞாயிறு, 12

விடிந்ததும் கிரெக்கும் நானும் நாயும். மதியம்வரை தேடினோம். இல்லை. தொடர்ந்து பார்ப்பதாகச் சொன்னார். வீடுவரை ரேடியோ போடாமல் ஓட்டினேன்.

வந்ததும் கராஜ். ஸ்கோப்பைப் பிடித்து அசைத்தேன். அசைந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. கைக்குத் தெரிந்தது. பிரித்தேன்.

ரெயிலுக்கு அடியில், ரிங் குழிவில், திருகுத் துளையின் ஓரத்தில் மஞ்சள் பொடி. காய்ந்த சந்தனம். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே கிடந்து, வெடிக்க வெடிக்க நொறுங்கி, உதிர்ந்து இடம் விட்டிருக்கிறது. அன்று குண்டுகள் நகர்ந்தது காற்றால் இல்லை. தோளாலும் இல்லை. ஆலையில் எந்தப் பையனாவது பேரிங்கை இப்படி மாட்டியிருந்தால் மானம் போகக் கத்தியிருப்பேன்.

பிரேக் கிளீனர் டப்பா அதே அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில்.

நிமிர்ந்தால் வாசலில் தர்ஷி, மருத்துவமனை யூனிஃபார்மோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"சுட்டேன் தர்ஷி. நேத்து பொய் சொன்னேன். அடிபட்டு ஓடிடுச்சு. கிடைக்கல."

அவள் பெஞ்சில் கிடந்த ரெயிலைப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்தாள். "அது நான் வைச்சதெல்லே?"

"நீ வச்சது தப்பில்ல. கழுவாம மாட்டினது நான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  அழுவாள் என்று பயந்தேன். கத்தினால் தேவலை என்றும் இருந்தது.

"எந்தப் பக்கம் ஓடினது?"

சொன்னேன். ஓடை, புதர், பெரணி.

"தண்ணி இருக்கிற பக்கம்தான் கிடக்கும். காயப்பட்டா தண்ணி தேடும்." எழுந்து போய் யாருக்கோ போன் செய்தாள். திரும்பி வந்தாள். "நாளைக்கு ஷிஃப்ட் மாத்திப்போட்டன். நானும் வாறன்."

"நீ எதுக்கும்மா..."

"துவக்கையும் எடுங்கோ. உயிரோட கிடந்தா என்ன செய்யிறது?"

பிரேக் கிளீனரை அவளே எடுத்தாள். துணியில் அடித்து, ரெயிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அவள் வைத்த பொட்டை அவளே தேய்த்தாள். துளைக்குள் குச்சி விட்டும் எடுத்தாள். கராஜ் முழுக்க நெடி. "இஞ்ச இன்னும் இருக்கு. வடிவாத் துடையுங்கோ" என்று ரிங்கை என்னிடம் நீட்டினாள்.

திங்கள், 13

மேகம். மழை இல்லை. பண்ணையில் காகித இலக்கில் ஆறு குண்டு. ஆறும் ஓரிடத்தில். தர்ஷி அதுவரை கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே, காதைப் பொத்திக்கொண்டு.

ஓடையோரம் கீழே கீழே போனோம். அவள்தான் முதலில் பார்த்தாள். மரத்தடியில், பாதி உடம்பு தண்ணீரில். தலையைத் தூக்கியது. எழ முடியவில்லை.

"கெதியாச் சுடுங்கோ" என்றாள்.

ஒரே வெடி.

அவள் பக்கத்திலேயே நின்றாள். காதைப் பொத்தவில்லை. கண்ணை மூடவில்லை. நான்தான் மூடிக்கொண்டேன்.