மகதலேனா ஆன்டியின் கணக்கு

4 மார்ச் 2024, திங்கள்
கிள்ளான் டயலிசிஸ் மையத்துக்கான ஜாங்கோ மென்பொருள் வேலை. அட்மின் பக்கத்தில் ஊழியர் கணக்குகளை மாற்றியமைக்கச் சொன்னார் மையத்தை நடத்தும் எங்கள் நிறுவனத்தின் மேலாளர் ஜெயராஜ். இனிப் பயனர் பெயருக்குப் பதில் ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எத்தனை தடவை தவறாக நுழைய முயன்றார்கள் என்ற எண். ஐந்தானால் பெயர் சிவப்பாகிக் கணக்கு பூட்டிக்கொள்ளும். "சிவப்பு லிஸ்ட் நேரா எச்.ஆருக்குப் போகணும், ரமணி."

என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

8 மார்ச்
மையத்தின் மூத்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மகதலேனா ஆன்டியின் கணக்கு பூட்டிக்கொண்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து நேரில் போய்ப் பார்த்தேன். ஐசியில் உள்ளபடியே, நடுவில் கோடு போட்டு அடிக்கிறார். என் படிவம் கோட்டை ஏற்காது. 'தவறு' என்று மட்டும் காட்டும். மற்றவர்களுக்குக் கணினியே நம்பரை நினைவு வைத்திருக்கிறது. இவர் ஒவ்வொரு முறையும் தானே அடிக்கிறார். பிழை என்னுடையது. ஒரு வரியில் சரியாகிவிடும்.

ஜெயராஜிடம் சொன்னேன். "விடு லா. ஒரு மிஸ்ஸிக்கு எட்டு பேஷண்ட்னு மேலிடத்துக்குப் புகார் எழுதுன பொம்பள அது." பிறகு மெதுவாக, "உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் மேசைலதான் இருக்கு."

13 மார்ச்
மூன்றாம் முறை பூட்டிக்கொண்டது. மறுபடியும் திறந்துவிட்டேன். ஆன்டி போன் செய்தார். "நான் என்னம்மா தப்பா அடிக்கிறேன்?"

"நிதானமா அடிங்க ஆன்டி."

நிதானமாகத்தானே அடிக்கிறார். ஏன் அப்படிச் சொன்னேன்?

15 மார்ச்
இன்னும் திருத்தவில்லை.

20 மார்ச்
மையத்தில் கூட்டம். என் பக்கத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார் ஜெயராஜ். ஒரே ஒரு சிவப்பு வரி. "முப்பது வருஷ சர்வீஸ். லாகின் பண்ணத் தெரியல. இவங்க கையில ஊசியக் குடுக்கலாமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆன்டி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

27 மார்ச்
ஆன்டியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் கணக்கில் 'செயலில் உள்ளது' என்பதற்கு எதிரே இருந்த டிக்கை எடுத்து முடக்கியது நான். எனக்கு லெட்டர் கிடைத்தது. அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

15 ஏப்ரல்
புதிய மிஸ்ஸி பெர்னிஸும் கோடு போட்டுத்தான் அடித்தாள். "அத சரி பண்ணிடு" என்றார் ஜெயராஜ். இரண்டு நிமிடம் ஆனது.

9 ஜூன், ஞாயிறு
காய்கறி வாங்கப் போன கிள்ளான் பாசாரில் ஆன்டியைப் பார்த்தேன். நழுவப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது காப்பாரில் மகள் வீட்டில் இருக்கிறாராம்.

"எத்தன தடவ திறந்து விட்ட நீ. உன்மேல என்னம்மா வருத்தம்? என் மூளைதான் மழுங்கிப்போச்சு."

வேறொரு மையத்தில் கூப்பிட்டார்களாம். கம்ப்யூட்டர் உண்டு என்றதும் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். "தெரியாத கை, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிட்டா?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"எல்லாருக்கும் வராது ஆன்டி" என்றேன்.