பாஞ்சாலி அக்காவுக்குக் கொடுத்த கத்தி

டிசம்பர் 2, திங்கள்

பதினொன்றாவது கத்தி முடிந்தது. செங்கல் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்தால் அரம் வழுக்குகிறது, அவ்வளவு இறுக்கம். தீட்டிவிட்டுக் காகிதத்தை வகிர்ந்து பார்த்தேன். ஒரகடம் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்து எட்டு மாதமாக ஊரிலுள்ள காகிதத்தையெல்லாம் வெட்டிவிட்டேன்.

ஐந்தடி தள்ளி ஜெயப்பிரியா அருவாமனையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் பெண்டாட்டிதான்.

டிசம்பர் 5

பெங்களூர் வாடிக்கையாளர் படம் அனுப்பியிருக்கிறார். என் கத்தியைச் சுவரில் மாட்டி, மேலே விளக்கும் போட்டிருக்கிறார். ஊதுவத்திதான் பாக்கி. வெங்காயம் நறுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஐயோ, கறை படிஞ்சிடுமே!"

டிசம்பர் 11

வீட்டில் சண்டை. "ஊர்ல ஒருத்தராவது ஒன் கத்தியில அறுக்கறாங்களா மாமா? பொங்கலுக்குள்ள ஒரே ஒரு ஆளக் காட்டு. இல்ல, கம்பெனிக்குப் போ."

சரி என்றேன். ரோஷம் எனக்கு மூளைக்கு முன்னால் ஓடும். பழைய சூப்பர்வைசரிடம் அவளே பேசி முடித்துவிட்டாளாம். ஜனவரி 20 சேர வேண்டுமாம். மறுபடி அந்த ஷிப்ட், அந்த மிஷின், அந்தச் சாம்பார்.

டிசம்பர் 14

கறிக்கடை பாய்: "எனுக்கு இன்னாத்துக்குப்பா? என்துதான் நல்லா கீதே."

பரோட்டா மாஸ்டர் மரியாதையாக வாங்கி, பால் பாக்கெட்டின் முனையை அறுத்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

டிசம்பர் 19

ஏரிக்கரையில் மீன் விற்கும் பாஞ்சாலி அக்காவிடம் போனேன். அருவாமனைக் கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு விரால் அறுத்துக்கொண்டிருந்தார். என் கத்தியை ஏற இறங்கப் பார்த்தார். "இத்த ஒரு கையில புடிச்சிக்கினா மீன எந்தக் கையில புடிக்கிறது? எங்களுக்கு ரெண்டு கையும் மீன்மேல இருக்கணும் நைனா."

யூடியூபில் வெள்ளைக்காரன் கத்தி பிடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வீட்டில் நடப்பது எங்கே தெரிந்தது?

சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்தேன். இருப்பதிலேயே நல்ல கத்தி.

டிசம்பர் 25

சர்ச்சில் கை குலுக்கிய அத்தனை பேரும் கேட்டார்கள், எப்போது வேலைக்குப் போகிறாய் என்று. ஃபாதர் உட்பட.

ஜனவரி 8

அநியாயம். அக்கிரமம்! பன்னெண்டு நாள் தேய்ச்ச பூவரசம் பிடி — அதைப் பாஞ்சாலி அக்கா தட்டிக் கழட்டிப் போட்டுட்டாங்க. பிடிக்குள்ள இருந்த இரும்புக் காம்பைக் கட்டையில அறைஞ்சு, என் கத்தியை அருவாமனை ஆக்கிட்டாங்க! என் பெயர் பொறித்த இடத்தில் விரால் செதில்.

"இன்னாக்கா இது!" என்று கூச்சல் போட்டேன். பாஞ்சாலி அக்கா நிமிரவேயில்லை. இரண்டு கையும் மீன்மேல். தலை போயிற்று, செவுள் போயிற்று, துண்டுகள் விழுந்தன.

"பதினஞ்சு நாளா சாணைக்கே போவல நைனா. பழசு ரெண்டு நாளிக்கு ஒரு தபா போவும். இன்னா இரும்பு இது?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானமா, சந்தோஷமா? இரண்டும்தான்.

ஜனவரி 10

ஜெயப்பிரியாவிடம் சொன்னேன். "அது அருவாமனைதான மாமா? கத்தின்னுதான பேச்சு. செல்லாது." வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

ஜனவரி 20, திங்கள்

ஏழரைக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. நான் பட்டறையில் இருந்தேன். மறுபடி அடித்துவிட்டுப் போய்விட்டது. ஏரிக்கரை மீன்காரிகள் நாலு பேர் ஆளுக்கு ஓர் அருவாமனை கேட்டிருக்கிறார்கள். முதலாவது காலையில்தான் முடிந்தது.

வேன் போன சத்தம் கேட்டு ஜெயப்பிரியா வந்தாள். திட்டப்போகிறாள் என்று சுத்தியலைக் கீழே வைத்தேன். அவள் அருவாமனையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"அது மீன்காரங்களுது."

"இருக்கட்டும். மொதல்ல எனுக்கு."

கட்டையை மிதித்து உட்கார்ந்து வெங்காயக் கூடையை இழுத்துக்கொண்டாள். அரை மணி ஆகிறது, எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.