காணாமல் போன சின்னக் கண்ணாடி

அன்புள்ள தர்ஷினிக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார், நானும் உடம்பளவில் சுகம்தான், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ அந்தக் கனடாக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இப்போது உனக்கு ராத்திரி, போனை அணைத்துவிட்டுத் தூங்குவாய். எனக்கோ ஆபீசில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அதனால்தான் பழையபடி காகிதத்தில் எழுதுகிறேன், முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எழுந்ததும் படி. பூஜைப் பிரசாதப் பார்சலை நேற்று உன் வாசலில் வைத்தாயிற்று என்று கூரியரிலிருந்து செய்தி வந்தது. வழக்கம்போலப் பிரிக்காமல் ஷூ ஸ்டாண்டு மேல் போட்டு வைத்திருப்பாய். தீபாவளி முறுக்கைப் பொங்கலுக்குப் பிரித்தவள்தானே நீ. அம்மா அனுப்புவது என்றால் அவ்வளவு இளக்காரம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சந்தாபுரா ஷெட்டில் ஒரு டூலைக் காணவில்லை. பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி சின்னக் கண்ணாடி, காம்பை மடக்கினால் விரல் நீளம்தான் இருக்கும். உனக்குத்தான் தெரியுமே, ஒவ்வொரு டூலுக்கும் போர்டில் அதனதன் வடிவத்தில் ஒரு குழி உண்டு, சாயங்காலம் ஒரு குழி காலியாக இருந்தாலும் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. ஆயுத பூஜை அன்று மட்டும் எல்லாரும் இருந்த அவசரத்தில் போர்டைப் பார்க்காமலே கதவைச் சாத்திவிட்டோம். லீவு முடிந்து திங்கட்கிழமை திறந்தால் கண்ணாடி இருந்த குழி காலி. பூஜை அன்று காலையில்தான் கோவிந்தன் அந்தக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து ஒரு வால்வை ரிப்பேர் செய்து முடித்து, லாவண்யா சோதித்துக் கையெழுத்துப் போட்டு, ஏர்லைன்ஸுக்கு அனுப்பியிருந்தோம். விமானத்துக்குள்ளே காற்றழுத்தத்தைச் சரியாக வைத்திருக்கிற வால்வு அது. அதற்குள் அந்தக் கண்ணாடி சிக்கிக்கொண்டு, வால்வு மூடாமல் போனால் உள்ளே இருக்கிறவர்கள் மூச்சுக்கு என்ன செய்வார்கள்? அந்த விமானம் அதற்குள் எங்கெங்கே பறந்ததோ.

ஏர்லைன்ஸில் நம்மோடு பேசுகிறவர் ஹரிஷ். நானே அவருக்குப் போன் செய்து, விமானத்தை நிறுத்துங்கள், வால்வைக் கழற்றித் திறந்து பாருங்கள் என்றேன். அவர், ஏன் மேடம், லீவு சீசன்ல பிளைட்டையே நிறுத்தச் சொல்றீங்களே, நிச்சயமா உள்ளே இருக்கா என்று கேட்டார். தெரியாது, தெரியாததால்தான் நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். இவர்கள் கைவிட்டால் நமக்குப் பாதி வேலை போய்விடும் என்று அப்பா கவலைப்பட்டார். போகட்டும் என்றேன். கையெழுத்து யாருடையதானாலும் கம்பெனியை நடத்துகிறவள் நான்தானே.

அதோடு விட்டிருக்கலாம். பயத்தில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. எல்லார் எதிரிலும் கோவிந்தனை நிற்கவைத்து, கடைசியாக எடுத்தவர் நீங்கள்தானே, எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். சாப்பாட்டுப் பையைக்கூடத் திறந்து காட்டச் சொன்னேன். குழியிலயே வெச்சுட்டேம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, டிபன் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். தப்பைத் தாங்களே வந்து சொல்கிற யாரையும் ஒரு வார்த்தை திட்டமாட்டேன் என்று ஷெட் ஆரம்பித்த நாளிலிருந்து சொல்லி வருகிறவள் நான். நேற்றிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை, போனும் எடுப்பதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹரிஷ் கூப்பிட்டார். வால்வைத் திறந்து பார்த்தார்களாம், உள்ளே ஒன்றும் இல்லையாம். கடவுளே என்று மேஜையிலேயே தலையைச் சாய்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. அதில் இல்லை என்றால் வேறு எங்கே? ஷெட்டில் இருக்கிற சாமான் அத்தனையும் திறந்து பார்த்தாயிற்று.

தர்ஷினி, இப்போது லாவண்யா ஓடி வந்தாள். பூஜை அன்று அவள் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை, இலையில் பொரி, பொரிக் குவியலின் ஓரத்தில் சந்தனப் பொட்டோடு அந்தக் கண்ணாடி. பூஜைக்கு நாம் உபயோகமில்லாத பழைய டூல்களைத்தான் வைப்போம், போர்டில் இருப்பதைத் தொடுவதில்லை. தொட்டவள் நான்தான். அந்த வாரம் புதிதாக வாங்கியது, ஆசையாக ஒரு பொட்டு வைத்துத் திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்தேன், அதற்குள் கற்பூரம் ஏற்றக் கூப்பிட்டார்கள், மறந்தே போனேன். பூஜை முடிந்ததும் அந்தப் பொரியை இரண்டு கையாலும் வாரிக் கவரில் போட்டு உனக்கு அனுப்பியவளும் நான்தான்.

எழுந்ததும் முதல் வேலையாகப் பார்சலைப் பிரி. பொரியைத் தட்டில் கொட்டிப் பார், கை விட்டுத் துழாவாதே, கண்ணாடி உடைந்திருந்தால் கிழித்துவிடும். இருந்தால் போட்டோ அனுப்பு, இல்லை என்றால் இல்லை என்று சொல். அதுவரை ஷெட்டிலிருந்து ஒரு திருகாணிகூட வெளியே போகாது. நான் இப்போது கோவிந்தன் வீட்டுக்குக் கிளம்புகிறேன். கண்ணாடி கிடைத்த பிறகு போனால் அது மன்னிப்புக் கேட்பது ஆகாது. நாளைக்கு அவரை நிற்கவைத்த அதே இடத்தில் நான் நின்று, எடுத்தது நான் என்று எல்லாரிடமும் சொல்லப் போகிறேன், அவர் வந்தாலும் வராவிட்டாலும்.

நீ ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். என் பார்சலைப் பிரிக்காமல் போட்டு வைப்பதற்கு உன்னை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இந்த ஒரு தடவை அது அப்படியே ஷூ ஸ்டாண்டு மேல் கிடக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
வித்யாலட்சுமி