உட்கார்ந்து பிழைத்தவன்

அன்புத் தங்கைக்கு, அண்ணன் சொல்லச் சொல்ல இஸ்திரிக்காரர் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பாலம் இடிந்து, ஊரெல்லாம் கண்வலி வந்த வருஷம் நினைவிருக்கிறதா? அப்போதுதான் பெரியண்ணன் சேற்றில் சிக்கிய லாரியைத் தள்ளும்போதே விழுந்து செத்தான். பிறகு சின்னண்ணன், முதுகில் மூட்டையோடு மாடிப்படியில். எனக்கும் நெஞ்சு இறுகும், உடனே உட்கார்ந்துவிடுவேன். "டேய் சோம்பேறி, உன் தங்கச்சி எறும்பு மாதிரி ஓடுறா, பாரு!" என்று அம்மா திட்டுவாள்.

போன வாரம் சலவைக்கூடத்தில் ஈரத்துணி வண்டியைத் தள்ளும்போதும் அப்படித்தான் உட்கார்ந்தேன். பயப்படாதே, ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனேன். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பிறவியிலேயே இடம் மாறி முளைத்திருக்கிறதாம். பாரம் தள்ளினால் நசுங்குமாம். "உக்காந்ததாலதான் பெரியவரே, இத்தன வருஷம் இருந்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. இந்த வயதில் அறுத்துச் சரிசெய்வதும் ஆபத்தாம். சிரித்தேன். அண்ணன்களை உட்காரச் சொல்ல ஆளில்லாமல் போயிற்றே என்று பிறகு அழுகை வந்தது.

கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாமாம். குடம் தூக்கினால் உனக்கும் நெஞ்சடைக்கிறது என்றாயே? இறக்கி வைத்துவிட்டு உட்கார். நாளைக்கே போய் ஸ்கேன் எடு.

பழைய துண்டு ஒன்று அனுப்பு; இங்கே எல்லாம் சொரசொரப்பு. பதில் எழுதாதே, போனில் பேசிப் பதிந்து அனுப்பு. திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

வண்டி நிரம்பிவிட்டது, தள்ளக் கூப்பிடுகிறார்கள்; தள்ளாவிட்டால் கூலி இல்லை, போகிறேன். என்னைக் கணக்கில் சேர்க்காதே. நம் வீட்டில் மிச்சம் நீ ஒருத்திதான், எறும்பு.