அரக்குச் சாயத்தை ரத்தம் என்ற தெரு

கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத என் சரோஜாக்காவுக்கு,

நீ கண்ணை மூடினதிலிருந்து உனக்கு மனசுக்குள் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் பேனாவை எடுத்தேன். வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். உள்ளே, அடுப்படிக்குப் பக்கத்தில், ஊர் பேர் தெரியாத ஒரு பெண் சுருண்டு படுத்திருக்கிறாள். அவளை வெளியே அனுப்பச் சொல்லி என் வீட்டுக்காரர், உன் கொழுந்தன், என்னோடு சண்டை போட்டுவிட்டு, தானும் போய் அவர்களோடு நின்றுகொண்டிருக்கிறார். தூங்கி எழட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். யாரிடம் யோசனை கேட்பது? உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இதை நாளைக்கு, நீ பேப்பர் படித்த அதே தறிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கப்போகிறேன். அதனால் கொஞ்சம் மரியாதையாக எழுதுகிறேன். சிரிக்காதே.

முதலில் ஊர்ச் சேதி. நம் தெருவில் இப்போது இரண்டு வீட்டில் டி.வி. இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து என்றால் வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் போடுகிறார்கள். எல்லாவற்றிலும் வெட்டு, குத்து. நீ பேப்பர் படித்தபோது நாங்கள் அதையெல்லாம் மனசில்தான் பார்த்தோம், பாதி தெரியும், பாதி தெரியாது. இப்போது ஒன்றும் பாக்கி வைக்காமல் காட்டிவிடுகிறார்கள். பார்த்து முடித்ததும் எல்லாரும் இரண்டு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்கிறோம். முன்னைவிடத் திருடன் அதிகமாகிவிட்டானா, இல்லை பயம்தான் அதிகமாகிவிட்டதா? எனக்குத் தெரியவில்லை அக்கா.

நீ பேப்பர் படிப்பது ஒரு தனி அழகு. தறியில் உட்கார்ந்தவனுக்குக் கையும் சும்மா இல்லை, காலும் சும்மா இல்லை. காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதுக்காகத்தான் எட்டாவது வரை படித்த உன்னை நடுவில் உட்காரவைத்தார்கள். நான் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே கேட்பேன். அத்தனை தறிச் சத்தத்துக்கும் மேலே கேட்கவேண்டுமே என்று நீ கத்திப் படிப்பாய். அரிசி விலையைப் படித்தாலே கொலை விழுந்த மாதிரி இருக்கும். நிஜக் கொலையைப் படித்தால் கேட்கவா வேண்டும்!

பிள்ளை பிடிக்கிறவர்கள் சேதி வர ஆரம்பித்தது அப்போதுதான். ஒரு நாள் ஓர் ஊர், மறுநாள் இன்னொரு ஊர். கலசப்பாக்கத்தில் ஒருத்தனைப் பிடித்து ஜனங்களே அடித்தார்கள் என்று நீ படித்த அன்றைக்குத் தறி எல்லாம் தானாக நின்றுபோனது. அப்புறம் நம் தெருவில் ஒரு பிள்ளையும் தனியாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தேசூர்க் கன்னியப்பன் நம் தெரு வழியாக வந்தான். அவனும் நெசவுக்காரன். இங்கே சாயப்பட்டறையில் நூலுக்கு அரக்குச் சாயம் போட்டு வாங்கிக்கொண்டு, காயவைக்க நேரமில்லாமல் ஈரத்தோடு கோணியில் கட்டி, பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனான். கோணியின் அடியில் சிவப்பாக வடிந்துகொண்டிருந்தது.

"கோணில ரத்தம்டா! கொழந்தைய அறுத்து எட்த்துகினு போறான்டா!"

யார் முதலில் கத்தினார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றைக்கு இருட்டுகூட இல்லை, பட்டப்பகல்! அரக்குச் சாயத்தில் பிறந்து அரக்குச் சாயத்தில் வளர்ந்த தெரு அது. நம் சாக்கடையே பாதி நாள் அந்த நிறத்தில்தான் ஓடும். ஊரில் வேறு எந்தத் தெரு ஏமாந்திருந்தாலும் மன்னிக்கலாம். நாம் எப்படி ஏமாந்தோம்? கையில் நகக்கண் வரைக்கும் அதே சிவப்பை வைத்துக்கொண்டு அவனை அடித்தார்கள் அக்கா.

நீ பேப்பரைக் கீழே போட்டாய். மடியிலிருந்த உன் மகளைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாய்.

"இந்தா தனம், புடி."

"எங்கக்கா போற? உனக்கு இன்னா பைத்தியமா?"

நீ கூட்டத்துக்குள் புகுந்தாய். கோணியைப் பிடுங்கி அவிழ்த்தாய். ஈர நூலை அப்படியே அள்ளி உன் தோளில் போட்டுக்கொண்டாய். மஞ்சள் புடவை, மாரெல்லாம் சிவப்பு. தறிச் சத்தத்தைத் தாண்டிப் பழகின தொண்டை அல்லவா, தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"இது ரத்தம்னா என்னையும் அடிங்கடா! நூலுடா இது! தெனம் கையில புட்ச்சிகினு இருக்கற நூலு! கண்ண தொறந்து பாருங்கடா!"

கை ஓங்கினவர்கள் எல்லாம் தங்கள் கையையே பார்த்தார்கள். கன்னியப்பனுக்குத் தோள்பட்டை உடைந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவனை அடித்தவர்கள்தான். அதற்கப்புறம் அவன் ஆரணிப் பக்கமே வரவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். மறுநாள் பேப்பர் வந்தது. நீ பிரித்தாய். ஒரு சேதியை மட்டும் இரண்டு தடவை கண்ணாலேயே படித்தாய். "இன்னாம்மா, படியேன்" என்று நாலு தறியிலிருந்தும் குரல் வந்தது. நீ படித்தாய், அன்றைக்கு மட்டும் கத்தாமல். ஆரணியில் பிள்ளை பிடிக்கிறவன் பிடிபட்டான், ரத்தம் தோய்ந்த கோணியோடு பொதுமக்கள் மடக்கினார்கள் என்று போட்டிருந்தது. தறி ஒவ்வொன்றாக நின்றது.

அப்போது மூலைத்தறிப் பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ கலசப்பாக்கத்துல புட்ச்சாங்களே, அவன் யாரும்மா?"

நீ பேப்பரை மடித்தாய். அவன் யாரென்று அன்றைக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அவனும் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தானோ என்னவோ. அவனைப் பற்றிக் கேட்டுத்தானே நாம் பயந்தோம்? நம்மைப் பற்றிப் படித்து இன்னும் எந்த ஊர் பயந்ததோ, அங்கே யார் தோள் உடைந்ததோ?

பேப்பரை நிறுத்திவிடு என்று நான் சொன்னேன். "நிறுத்தனா மட்டும் இன்னா, டீக்கடையில கேட்டுகினு வருவாங்க. அது இதவிட பேஜாரு" என்றாய். அப்புறமும் படித்தாய். ஆனால் ஒவ்வொரு பயங்கரச் சேதிக்கும் பிறகு தலையைத் தூக்கி, "இத நேர்ல பார்த்தவங்க யாருன்னு ஒரு வார்த்தகூட போடல" என்று உன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பாய். பாதிப் பேருக்கு எரிச்சலாக இருக்கும், ருசியே போச்சு என்பார்கள். ருசிதான் அக்கா. பயத்துக்கு ஒரு ருசி இருக்கிறது. அதை இன்றைக்கு டீக்கடைப் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் முகத்தில் பார்க்கிறேன்.

போன வாரத்திலிருந்து மறுபடியும் அதே பேச்சு. இந்த முறை பொம்பளைகள் வந்து பிடிக்கிறார்களாம். இன்று காலையில் இந்தப் பெண் கோயில் பக்கமிருந்து நடந்து வந்தாள். கிழிந்த புடவை, கையில் ஒரு துணிமூட்டை. யாரோ பிடுங்கி உதறினார்கள். உள்ளே ஒரு சின்னக் கவுன். அவ்வளவுதான், "எந்தக் கொழந்தடி? இன்னாடி பண்ண?" என்று தலைமயிரைப் பிடித்துவிட்டார்கள். அவள் அந்தக் கவுனை மட்டும் விடவில்லை. "பாப்பா, பாப்பா" என்றதைத் தவிர அவள் வாயில் வேறு சொல் இல்லை.

நான் போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதே. அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றேன். ஏதோ பெரிதாகச் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தால் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். யார் கை யார் கையைப் பிடித்திருந்தது என்றுகூடத் தெரியவில்லை. பழையதைப் போட்டுக் கொடுத்தேன். தின்றுவிட்டு, கவுனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

எனக்கும் சந்தேகம் வராமல் இல்லை. யார் பெற்ற பிள்ளையின் கவுனோ என்று நினைத்தேன். அவள் பெற்றதாக இருக்கலாம் என்பது சோறு போடும்போதுதான் தோன்றியது.

எங்க அக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு இன்னும் பயம் போகவில்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். உண்மையைச் சொல். அன்றைக்கு நீயும் பயந்துகொண்டேதான் போனாயா?

அப்படியானால் என்னாலும் ஆகும். அவள் எழுந்துவிட்டாள் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அவள் ஊரை விசாரிக்கச் சொல்கிறேன். அவளுடைய மனுஷர்கள் கிடைக்கும்வரை அவள் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டாள், இது உன்மேல் சத்தியம். இப்போது கதவைத் திறக்கப்போகிறேன். அவர்கள் உள்ளே வந்து, இவள் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து அப்புறம் பேசட்டும்.

பயந்துகொண்டே,
உன் ஓரகத்தி
தனம்