டியூபில் குறைந்த பசி

மார்ச் 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஒரு வருஷமாகச் சந்தேகம் இருந்தும் பேசவில்லை. இனி யாரும் கேட்காவிட்டாலும் இங்கேயாவது முழுசாக எழுதிவைக்கிறேன்.

இன்று மருத்துவக் கல்லூரி அரங்கில் மைக் பேசினான். எங்கள் துறைத்தலைவன், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஒலிபெருக்கியைக் கண்டால் விடமாட்டான் என்று மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர்தான் ‘மைக்’. கடைகளில் ஏற்கெனவே விற்கிற அவனுடைய பசியடக்கி மாவைப் பற்றித்தான் பேச்சு. ஒரு டம்ளர் கலக்கிக் குடித்தால் பசி ஹார்மோன் பாதியாகக் குறைகிறதாம். அடுத்த மாதம் முதல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் சர்க்கரை நோயாளிகள் இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் இதைக் குடிக்க வேண்டுமாம். ஒரே கைதட்டல். நான் தட்டவில்லை. பக்கத்திலிருந்த எலும்பு டாக்டர் என் கைகளையே பார்த்தார். பார்க்கட்டும்.

என் மனத்தாங்கல்களை ஒரே தடவை எழுதித் தொலைத்துவிடுகிறேன். தலைவர் பதவி எனக்கு வரவேண்டியது. ஆய்வகத்தை ஒட்டியிருந்த என் அறையை அவன் எடுத்துக்கொண்டு என்னை லிஃப்ட் பக்கம் தள்ளினான். துறையின் குழுப்படத்தில் என் முகமே இல்லை, படம் என் தோளோடு முடிந்துவிடுகிறது. சின்ன விஷயம் என்பார்கள். பெரிய விஷயத்தில் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டது?

மார்ச் 4, செவ்வாய்

முதலாண்டுக்குக் குடல் ஹார்மோன்கள் எடுத்தேன். இந்தப் பாடத்தில் மட்டும் என் வகுப்பில் யாரும் தூங்குவதில்லை. கடைசி பெஞ்சே சாட்சி.

இரைப்பை காலியானதும் அதன் சுவரிலிருந்து கிரெலின் என்ற பசி ஹார்மோன் கிளம்பி, ரத்தத்தோடு மூளைக்குப் போய் “சாப்பாடு எங்கே?” என்று கேட்கிறது. சாப்பாடு இறங்கி, அதிலுள்ள கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் சிசிகே என்ற இன்னொரு ஹார்மோன் எழுந்துகொள்கிறது. பித்தப்பையைப் பிழிகிறது, கணையத்தை வேலை வாங்குகிறது, இரைப்பையைப் பார்த்து “அவசரப்படாதே, மெதுவா அனுப்பு” என்கிறது. இரைப்பையின் அமிலம் குடலுக்குள் வழிந்தால் அதை முறிக்க செக்ரெட்டின் ஆள் அனுப்புகிறது. உணவு இன்னும் கீழே போனால் ஜிஎல்பி-1 முதலானவை வந்து “போதும், எழுந்திரு” என்கின்றன. ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதில் வாங்கும் குடும்பம். எங்கள் துறை மாதிரி இல்லை.

முன்வரிசை மாணவி கேட்டாள்: “சார், அப்ப ஒரு ஹார்மோனைக் குறைச்சா பசி போயிடுமா?”

“பத்துப் பேர் இருக்கிற வீட்டுல ஒருத்தர் வாயை மூடினா வீடு அமைதியாயிடுமா?”

சிரித்தார்கள். எனக்குத்தான் அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஒரு கரண்டி மாவு எப்படிப் பாதியைக் குறைக்கும்? எனக்குத் தெரிந்த எந்தச் சாப்பாடும் அவ்வளவு வேகமாக அதைச் செய்ததில்லையே?

மார்ச் 6, வியாழன்

மைக்கின் கட்டுரையை மறுபடி எடுத்தேன். முடிவுகளைத்தான் எல்லோரும் படிப்பார்கள். நான் செய்முறையைப் படித்தேன். வெறும் வயிற்றில் எடுத்த காலை ரத்தம் உடனே பனிக்கட்டியில் வைக்கப்பட்டது. மாவு குடித்தபின் எடுத்த ரத்தம் ‘மதிய மாதிரிகளுடன் சேர்த்து அனுப்பப்பட்டது.’ அவ்வளவுதான், அரை வரி. பனிக்கட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை.

கிரெலின் சொகுசுப் பேர்வழி. அதன் முதுகில் ஒரு கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. அது இருந்தால்தான் மூளை அதை அடையாளம் காணும். டியூபை உடனே குளிரவைத்து, நொதிகளைத் தடுக்கும் மருந்தும் கொஞ்சம் அமிலமும் சேர்க்காவிட்டால், ரத்தத்தில் உள்ள நொதிகளே அந்தத் துணுக்கைக் கழற்றிப் போட்டுவிடும். ஆள் கொலைப்பசியில் இருப்பார். அவருடைய டியூப் மட்டும் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும்.

ரத்தம் எடுக்கும் நர்ஸிடம் கேட்டேன்.

“மதிய டியூபா? போன வருஷம் பூரா உங்க ரூம் வாசல்லதான் சார் இருந்துச்சு, லிஃப்ட் பக்கம் ஸ்டாண்டுல. லேபுக்கு எடுத்துட்டுப் போறவர் சாப்பிட்டு, ஒரு டீயையும் குடிச்சிட்டுத்தான் வருவார். நீங்க பார்த்ததே இல்லையா?”

பார்த்திருக்கிறேன். ஏதோ சாதாரண ரத்தப் பரிசோதனை என்று நினைத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

நேராக மைக்கிடமே போனேன். அவன் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் மரியாதை காட்டினாலே எனக்குப் பயம்.

“டேய், உனக்கு இன்னும் அந்தப் பதவி விஷயம் மனசுல இருக்கு” என்றான். “ரெண்டு நாள் லீவு போட்டு எங்கயாவது போயிட்டு வா.”

நான் டியூபைப் பற்றிப் பேசுகிறேன், இவன் என் மனசைப் பற்றிப் பேசுகிறான்! மனசுல இருக்குடா. நிறையவே இருக்கு. அதுக்கும் ஐஸுக்கும் என்னடா சம்பந்தம்? இதை அங்கே சொல்லவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது சொன்னேன். ஒரு நோயாளி திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். பையிலிருந்து எதையோ தேடும்போது வெளியே விழுகிறது — மைக்கின் மாவு டப்பா!

“ரெண்டு வாரமா குடிக்கிறேன்டா. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டேன்.”

“மாத்திரை?”

“அது எப்பவும் போல.”

“மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம படுத்தா சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கிடும்க்கா. உன் டாக்டரையாவது கேளு.”

“நீ பாடம் எடுக்கிறவன். அவர் எவ்வளவு பெரிய டாக்டர்!”

“நானும் அவனும் ஒரே வருஷம்தான் பாஸ் பண்ணோம்.”

“அதான் உனக்குப் பத்திக்கிட்டு எரியுது.”

அடுக்களையில் என் மனைவி இருமினாள். அது இருமல் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். நானே எலி.

காலையில் மனைவி, “என்னங்க, டிபன் வேண்டாமா? இன்னிக்கு யார் மேல கோபம்?” என்றாள். ஆராய்ச்சி என்றேன். “ஆராய்ச்சிக்கே இவ்வளவு கடுகடுப்பா?” என்றாள். கிரெலின் பேசுகிறது, நான் இல்லை.

வெறும் தண்ணீர் ஒரு டம்ளர், அவ்வளவுதான் குடித்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து நர்ஸ் ஒரே குத்தில் ரெண்டு டியூப் எடுத்தாள். ஒன்றைப் பனிக்கட்டியில், மருந்தும் அமிலமுமாக, முறைப்படி வைத்தேன். இன்னொன்றை லிஃப்ட் பக்கத்து ஸ்டாண்டில் விட்டுவிட்டேன். எடுத்துப் போகிறவர் தன் வழக்கப்படி சாப்பிட்டு, டீ குடித்து, கதை பேசிவிட்டு வந்தார். என் வாழ்க்கையில் அவரை அவசரப்படுத்தாத ஒரே நாள்.

மார்ச் 12, புதன்

பனிக்கட்டி டியூப்: பசித்தவனின் கிரெலின், குறையே இல்லை. ஸ்டாண்டு டியூப்: பாதிக்கும் கீழே.

தண்ணீரைக் குடித்தே மைக்கின் மாவை ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஒருவனை வைத்து உலகத்தை அளப்பாயா என்று கேட்பார்கள். கேட்கட்டும். இது மனிதனுக்கு வைத்த பரீட்சை இல்லை, டியூபுக்கு வைத்தது. இருந்தாலும் நர்ஸும் நூலகரும் ஆளுக்கொரு காலை பட்டினி கிடந்து ரத்தம் கொடுத்தார்கள். அதே கதைதான். மாவையும் விடவில்லை. குடித்துவிட்டு, ரத்தத்தை ஒழுங்காகக் குளிரவைத்துப் பார்த்தேன். கிரெலின் லேசாக இறங்கிச் சீக்கிரமே ஏறிவிட்டது. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் செய்கிற வேலை. நான் சொன்னது சரி. நூற்றுக்கு நூறு சரி.

மார்ச் 17, திங்கள்

காலை நடைக்குப் போன அக்கா மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறல். கடைக்காரர் விவரமானவர், குளுக்கோஸைக் கரைத்துப் புகட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது தெளிந்திருந்தாள்.

“ராத்திரி பசிக்கவே இல்லையா உனக்கு?”

“பசிச்சுதுடா. குடிக்க ஆரம்பிச்சதுலேருந்தே பசிக்குது. பசிக்காதுன்னு அவ்வளவு படிச்சவர் சொல்றாரே, எனக்குத்தான் உடம்புல ஏதோ கோளாறுன்னு நினைச்சுப் பேசாம படுத்துக்கிட்டேன்.”

என்னத்தைச் சொல்ல? அவ வயிறு அவகிட்ட உண்மையைத்தானே சொல்லியிருக்கு, தினமும்! அதை விட்டுட்டு எவனோ சொன்னதை நம்பியிருக்கா. அடுத்த மாசம் இந்த மாதிரி எத்தனை பேர்? எல்லாருக்கும் பக்கத்துலயே ஒரு மருந்துக்கடைப் படி இருக்குமா?

மாலையில் அவளுடைய டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாவை நிறுத்தச் சொன்னார். வழியெல்லாம் அக்கா என் கையை விடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நோயாளர் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினேன். ஒரே மூச்சில் ஏழு பக்கம். மனைவி படித்தாள்.

“முதல் மூணு பக்கமும் உங்க ரூமைப் பத்தியே இருக்கு.”

“அது பின்னணி.”

“ரத்தம் நாலாவது பக்கத்துலதாங்க வருது. அதுக்குள்ள படிக்கிறவங்க தூங்கிடுவாங்க. குழுப்படம் எதுக்கு இதுல?”

“அவன் குணத்தைக் காட்ட.”

“அது உங்க குணத்தையில்ல காட்டுது?”

இந்த வீட்டில் எனக்கு எதிரி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

மார்ச் 19, புதன்

எலும்பு டாக்டர் அந்தக் குழுவில் உறுப்பினர். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்று போன் செய்தேன். பெயரைச் சொன்னதும், “ஓ, நீங்களா? உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்துதானே? குழுவுக்கு ஏன் சார் அதெல்லாம்?” என்றார். கிரெலின் என்று வாயெடுப்பதற்குள் கூட்டம் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

இருபது வருஷமாக நான் பேசியதெல்லாம் சேர்ந்து என் பெயருக்கு முன்னால் போய் நிற்கிறது போலிருக்கிறது. நான் வருவதற்குள் அது கதவைச் சாத்திவிடுகிறது.

மார்ச் 21, வெள்ளி

கடிதத்தை வெட்டினேன். அறை போயிற்று. பதவி போயிற்று. குழுப்படம் போயிற்று, கொஞ்சம் வலித்தது. மிஞ்சியது ஒரு பக்கம். டியூப் எங்கே எப்படி இருந்தது. இருந்தால் என்ன ஆகும். நீங்களே செய்து பார்க்க: ஒரு டம்ளர் தண்ணீர், பசித்த ஒருவர், ரெண்டு டியூப், ஒரு காலைப்பொழுது. கடைசியில், மாத்திரை போடுகிறவர்கள் இதை நம்பி இரவுச் சாப்பாட்டை விட்டால் என்ன நேரும் என்று ரெண்டு வரி. அக்காவின் பெயர் இல்லை, வயது மட்டும்.

படித்துப் பார்த்தேன். நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் இதுதான். இதில் பொறாமைக்காரன் யாரும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

கீழே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தைக் கீழிருந்து படிக்க ஆரம்பிப்பார்கள். முதல் வரியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

மொட்டைக் கடுதாசியை யார் மதிப்பார்கள் என்றாள் மனைவி. யார் மேலாவது பழி சொன்னால்தான் சொன்னவன் யார் என்று கேட்க வேண்டும். இதில் என்னை நம்பவேண்டிய அவசியமே இல்லை. குழுவில் இருப்பவர்களில் ஒருவராவது ஆய்வகத்துக்கு இறங்கிப் போய்ச் செய்து பார்ப்பார். பார்த்தால் தப்ப வழியில்லை. அதற்குப் பிறகு மைக்கே மேடையேறி, பிழையை நாங்களே கண்டுபிடித்தோம் என்பான். அவனைத் தெரியாதா எனக்கு? படமும் எடுத்துக்கொள்வான்.

எடுத்துக்கொள்ளட்டும். திட்டம் நின்றால் சரி.

பேனாவை மூடிவிட்டேன். உறையை ஒட்டியாயிற்று, அனுப்புநர் இடம் காலி. அக்கா ராத்திரி இங்கேதான் சாப்பிடுகிறாள். அவளை அழைத்துவரப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டுவிடுகிறேன், பெயர் இல்லாமலே.