ஆறாம் அறையும் அவர் மாஸ்க்கும்

6 நவம்பர் 2006, திங்கள்

டெல்லியில் முனிர்கா பக்கத்து முதியோர் இல்லத்தில் என் கணவரை விட்டு இன்றோடு பத்தொன்பது நாள். துவாரகாவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். ஆறாம் அறையில் அவர் மூச்சுக்கு மருந்து இழுக்கும் நெபுலைசர் மாஸ்க் மேஜைமேல் குப்புறக் கிடந்தது. உள்ளே மருந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஆயாவிடம் காட்டினேன். "ஹோ ஜாயேகா, மாதாஜி" என்றாள், ஆகிவிடுமாம். நானே கழுவினேன்.

"இங்கேயும் வந்து பாத்திரம் தேய்க்கறயா, மாதங்கி?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

7 நவம்பர்

கட்டிலில் இன்னமும் என் பாதியில்தான் படுக்கிறேன்.

12 நவம்பர், ஞாயிறு

நர்ஸ் பிலோமினா நாகர்கோவில்காரி. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் மாஸ்க்கையும் மருந்துக் கிண்ணத்தையும் கழற்றி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசி, சுத்தமான துணியில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு பாலிதீனில் போடக் கூடாது. ஆக்ஸிஜனை ஈரப்படுத்தும் பாட்டில் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

"தெரியாம இல்லம்மா. எனக்கு இருபத்திரெண்டு பேரு. கை பத்தல."

அவர் பழைய வேஷ்டியில் மாஸ்க் வைக்க ஆறு பை தைத்தேன். எல்லாவற்றிலும் 'அனந்தகிருஷ்ணன்' என்று அவர் பெயரை எழுதினேன். இதெல்லாம் பழகிவிட்டால் வீட்டுக்கே அழைத்து வந்துவிடலாமே?

17 நவம்பர்

எனக்கு ஜலதோஷம். வரவேண்டாம் என்கிறார்கள். இது நாலாம் நாள்.

22 நவம்பர், புதன்

இன்றுதான் விட்டார்கள். அவருக்குக் காய்ச்சல். மாஸ்க் ஈரமாக, முடிச்சுப் போட்ட பாலிதீனுக்குள். ஆக்ஸிஜன் பாட்டிலின் அடியில் பாசி மாதிரி வழவழ. மானேஜர் முன்னால் தமிழிலேயே கத்திவிட்டேன் — மனுஷா மூச்சு விடற சாமான் அது! அந்த ஆளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது.

நிமோனியா. ஆஸ்பத்திரிக்கு மாற்றியாகிவிட்டது. பாட்டிலால் வந்ததா, வேறு எதனாலா, சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். என் ஜலதோஷமாகக்கூட இருக்குமோ? நானா கொண்டுவந்து கொடுத்தேன்?

27 நவம்பர்

கண் திறந்தார். என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

3 டிசம்பர்

மகன் ஹரிஷங்கரிடம் கேட்டேன். அப்பாவை வீட்டுக்கே அழைத்து வந்துடலாமேடா?

"கரண்ட் போனா மெஷின் நின்னுடும்மா. நானும் அவளும் ஆபீஸ் போயிடுவோம். நீ தனியா என்ன பண்ணுவே?"

கோபத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் அழுகை வந்தது.

9 டிசம்பர், சனி

மறுபடி ஆறாம் அறைக்கே வந்துவிட்டார். அவருடைய நுரையீரலில் பாதிதான் வேலை செய்கிறதாம். பிலோமினா ஓர் அலமாரியைத் திறந்து காட்டினாள். தட்டுதட்டாகத் துணிப்பைகள், எல்லாவற்றிலும் பெயர், தேதி. இந்த வேலைக்கென்றே ஒரு பெண்ணையும் போட்டிருக்கிறார்கள். "உங்க சத்தத்துக்கு அப்புறம்தாம்மா" என்றாள்.

நிம்மதிதான். ஆனால் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து ஸீட் காலியாகவே வந்தது.

18 டிசம்பர்

மானேஜரிடம் கேட்டுவிட்டேன். சரி என்றார். ஹரி இரண்டு நாளாகப் பேசவில்லை.

2 ஜனவரி 2007, செவ்வாய்

வெளியே ஒரே மூடுபனி. அவருக்கு மருந்து கொடுத்து, மாஸ்க்கை அலசிக் காயப்போட்டேன். பக்கத்துக் கட்டிலில் என் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "இன்னிக்கு எப்போ கிளம்பணும்?"

"கிளம்பலை. இனிமே இங்கேதான்."

புடவைகளுக்கு மேல் கிடந்த என் ஷாலைக் காட்டினார்.

"அப்போ அந்த ஷாலைப் போட்டுக்கோ. குளிர்றது."